கடலூர்ச் செவ்வானம்: ஒரு படத்தைப் பார்ப்பதும் திருத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாலைந்து பேர் கூடி, அந்த வாரம் எடுத்த படங்களைப் போட்டுப் பார்த்துப் பேசுவது எங்கள் வழக்கம். போன மழைக்காலத்தில் ஒரே படத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் மல்லுக்கட்டினோம். அப்போது எழுந்த கேள்விகளும், பிறகு போனில் மற்றவர்கள் கேட்டவையும் இங்கே.

எந்தப் படம் அது?

ஐப்பசிக் கடைசி. இரண்டு நாள் மழை விட்டிருந்த மாலை. எங்களில் இளையவரான ஒரு தம்பி, சிங்காரத்தோப்புப் பக்கம் உப்பனாற்றங்கரையில் நின்று மேற்கே பார்த்து எடுத்தார். படத்தில் முக்கால் பங்கு வானம்தான். கிழிந்த மேகங்களின் அடிவயிறெல்லாம் செக்கச் செவேலென்று இருக்கிறது. நடுவில், பாதி மேகத்துக்குள் போன சூரியன். அதற்குக் கீழே அக்கரையில் முதுநகரின் கறுப்புக் கோடு, ஒரு செல்போன் டவர், இந்தப் பக்கம் ஆற்றுத் தண்ணீர். வலது கீழ் மூலையில் ஒரு ஃபைபர் படகு. அதில் ஒரு பெரியவர் குனிந்து மழைத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறார். படம் அவ்வளவு இருட்டு. அவர் இருப்பதே மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் தெரியும்.

தம்பி அதை ஏற்கெனவே எடிட் செய்துதான் கொண்டுவந்தார். வானத்தில் குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவப்பு. மேகங்களைச் சுற்றி வெள்ளை விளிம்பு. ஆறு வானத்தைவிடப் பளபளவென்று மின்னியது.

கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலில் மறையாதே, இது எப்படிக் கடற்கரை அஸ்தமனப் படம்?

கேட்க வேண்டிய கேள்விதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடல் கிழக்கே. சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் விழும். புதுச்சேரி காந்தி சிலை அருகே கடலின் மேல் சூரியன் தெரியும் படத்தைப் போட்டு ‘பாண்டி சன்செட்’ என்று எழுதினால், ஒன்று அது விடியற்காலைப் படம், இல்லையென்றால் ஆப்பில் ஒட்டியது. தினமும் ஒன்றாவது என் போனுக்கு வந்துவிடுகிறது.

தண்ணீரோடு அஸ்தமனம் வேண்டுமென்றால் நம்மூரில் உள்நாட்டுத் தண்ணீரைத்தான் தேட வேண்டும். உப்பனாறு கடலை ஒட்டி, கரைக்கு இணையாக ஓடுகிறது. கடலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் நின்று மேற்கே திரும்பினால் ஆறு, படகு, சூரியன் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். புதுச்சேரிக்காரர்களுக்குச் சுண்ணாம்பாறு இருக்கிறது, ஊசுடு ஏரி இருக்கிறது.

கடலைத்தான் எடுப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி உண்டு. சூரியன் மேற்கே மறைந்த சில நிமிடங்களில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். அடிவானத்தை ஒட்டி நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை மெல்ல ஏறும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. மேற்கே மேகங்கள் நல்லபடி அமைந்திருந்தால், சூரியக் கதிர்கள் தலைக்கு மேலே கடந்து போய்க் கிழக்கே கடலின் மேல் குவிவதுபோலத் தெரியும். உண்மையில் அவை இணையான கோடுகள். தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வது போன்ற தோற்றம்தான். ஆர்ப்பாட்டம் இல்லாத காட்சி. எனக்கு மேற்கு வானத்தைவிட இதுதான் பிடிக்கும். ஆனால் நூறு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். எல் என்றால் சூரியன், அது படும் நேரம் எற்பாடு. அது பிற்பகலா, அந்தியா, விடியலா என்று உரைகாரர்கள் காலத்திலிருந்தே வழக்கு நடக்கிறது. கிழக்குக் கரையில் கேமராவோடு நிற்பவருக்கு அந்த வழக்கின் நியாயம் புரியும்.

விமர்சனத்தை எங்கிருந்து தொடங்குவது?

கண் எங்கே போகிறது என்பதிலிருந்து. படத்தை ஐந்து விநாடி காட்டி மூடிவிடுவோம். என்ன பார்த்தாய் என்று ஒவ்வொருவரையும் கேட்போம். எடுத்தவர் அப்போது வாயே திறக்கக் கூடாது.

இந்தப் படத்துக்கு வந்த பதில்கள்: “வானம்”, “சிவப்பு”, “சூரியன்”, “ஒரு டவர்”. பெரியவரை யாரும் சொல்லவில்லை. பிறகு தம்பியிடம், அந்த இடத்தில் ஏன் நின்றாய் என்று கேட்டோம். “அண்ணே, அவரு தண்ணி இறைக்கிற சத்தம் கேட்டுத்தான் நின்னேன். அப்புறந்தான் வானத்தப் பாத்தேன்” என்றார்.

இதற்கு மேல் விமர்சனம் என்று பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. அவரை நிறுத்தியது பெரியவர். படம் காட்டுவது வானத்தை. இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் எடிட்டில் செய்ய வேண்டிய வேலை. மேகம் எத்தனை சிவப்பு, தண்ணீர் எத்தனை பளபளப்பு என்பதையெல்லாம் பெரியவர் கண்ணில் படுகிறாரா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இதைக் கேட்காமல் நேராக ஸ்லைடரை, அதாவது எடிட்டில் அளவைக் கூட்டிக் குறைக்கும் கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆளுக்கு ஒரு வானம்தான் மிஞ்சும். முதல் வாரம் நாங்கள் செய்தது அதுதான்.

‘சூப்பர்’ என்று சொன்னால் எடுத்தவருக்கும் சந்தோஷம்தானே?

சந்தோஷம்தான். அடுத்த வாரமும் அதே படத்தை வேறு இடத்தில் எடுத்து வருவார்.

அடிவானம் சாய்ந்திருந்தால் அவ்வளவு பெரிய குற்றமா?

ஆமாம். தண்ணீர் சாயாது. அரை டிகிரி சாய்ந்தாலும் ஆறு ஒரு பக்கமாக வழிவதுபோல் உறுத்தும். ஆனால் ஆற்றுப் படத்தில் அக்கரைக் கோட்டை நம்பி நிமிர்த்தாதீர்கள். கரை வளைந்தும், ஒரு பக்கம் நமக்கு நெருங்கியும் இருக்கலாம். நேராக நிற்கும் டவரையோ, ஒரு பொருளையும் அதன் பிரதிபலிப்பையும் இணைக்கும் செங்குத்துக் கோட்டையோ வைத்து நிமிர்த்துங்கள். கடல் படமென்றால் முதலில் லென்ஸ் திருத்தத்தைப் போட்டுவிடுங்கள். அகன்ற லென்ஸில் மேலோரமாகவோ கீழோரமாகவோ வரும் கடல்கோடு வில்போல் வளைந்துவிடும்.

வெட்டும்போது எதை விட்டுக்கொடுப்பது?

மேல் வானத்தில் கால் பங்கை வெட்டினோம். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது, ஏனென்றால் அழகான மேகம் எல்லாம் அங்கேதான் இருந்தது. இடது பக்கமும் கொஞ்சம் போனது. அதனால் சூரியன் நடுவை விட்டு இடப்பக்கம் தள்ளியது, படகு மூலையிலிருந்து உள்ளே வந்தது. இப்போது சூரியனிலிருந்து நம்மை நோக்கி நீளும் ஒளிக்கோடும், படகின் முனையும் ஒன்றையொன்று பார்ப்பதுபோல் அமைந்தன.

படகுக்கும் சட்டத்தின் வலது ஓரத்துக்கும் நடுவே ஒரு விரல்கடை இடம் விட்டோம். படகின் முனை ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

எடிட்டை வரிசையாகச் சொல்லுங்கள்.

தம்பி ரா கோப்பாக, அதாவது கேமரா சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பாக, எடுத்திருந்ததால் பிழைத்தோம். 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் 256 தான். அந்தி வானத்தில் மஞ்சளிலிருந்து நீலம் வரை நிறம் மெதுவாக மாறும் இடத்தில் ஜேபெக்கை இழுத்துப் பிடித்தால் பட்டை பட்டையாக உடைந்துவிடும்.

அவருடைய பழைய திருத்தம் அத்தனையையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். முதலில் வெள்ளைச் சமநிலை, அதாவது எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அளவு. கேமரா ஆட்டோவில் இருந்தது. ஆட்டோ பெரும்பாலும் செவ்வொளியை ‘தப்பு’ என்று நினைத்து நீலத்தைக் கலந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் தம்பி சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை ஏற்றியிருக்கிறார். டேலைட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 5500 கெல்வினுக்கு மாற்றியதுமே வானம் தன் நிறத்துக்கு வந்துவிட்டது. சாச்சுரேஷனைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது ஹைலைட், வெளிச்சம் மிகுந்த பகுதி. சூரியனைச் சுற்றி வெள்ளையாக வெந்துபோன பகுதி மீளுமா என்று பார்த்தோம். சூரியவட்டம் மீளாது, மீள வேண்டியதும் இல்லை. நேரில் பார்த்தாலும் கண் கூசத்தான் செய்யும். அதைச் சாம்பலாக்கினால் ஓட்டை விழுந்த வானம் மாதிரி இருக்கும். சூரியனை ஒட்டிய மேக விளிம்பில் மட்டும் விவரம் திரும்பினால் போதும். -60 அளவில் திரும்பியது.

நிழல் பகுதியில்தான் கை நடுங்கும். ஷேடோவை +100 வரை ஏற்றினால் அக்கரை வீடு, மரம் எல்லாம் பகல்போல் தெரியும். சூரியன் எதிரே இருக்கும்போது நமக்குத் தெரியும் பக்கம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் வெளிச்சமாக்கியதால்தான் மேகங்களுக்கு அந்த வெள்ளை விளிம்பு வந்தது, பல வெளிச்ச அளவில் எடுத்து ஒன்றாக இணைக்கும் ஹெச்.டி.ஆர். படங்களிலும் இதே கோளாறைப் பார்க்கலாம். ஷேடோவை +25 இல் நிறுத்தினோம்.

பிறகு பெரியவர். படகையும் அவரையும் மட்டும் பிரஷ்ஷால் தேர்ந்தெடுத்து வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் கூட்டினோம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). முதுகின் வளைவு, கையிலிருந்த பிளாஸ்டிக் குடம், அதிலிருந்து விழும் தண்ணீரின் ஒரு கீற்று, அவ்வளவுதான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. ஒருவர் இன்னும் ஏற்றலாம் என்றார். ஏற்றிப் பார்த்தோம், டார்ச் அடித்ததுபோல் ஆனது. இறக்கிவிட்டோம்.

கடைசியாக வானத்துக்கு மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் கரையும் ஒரு இருட்டு, அதாவது கிரேடியன்ட், அரை ஸ்டாப் குறைவாக. வானம் அடங்கியதும் கண் தானாகக் கீழே இறங்கியது.

லைட்ரூம் என்ற மென்பொருளில் செய்தோம். டார்க்டேபிள் இலவசம், இதையெல்லாம் அதிலும் செய்யலாம். போனில் ஸ்னாப்சீட் போதும்.

சிவப்பு அளவு மீறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணை நம்பாதீர்கள், பத்து நிமிடம் பார்த்தால் எந்தச் சிவப்பும் பழகிவிடும். ஹிஸ்டோகிராமில், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை படத்தில் எது எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தில், சிவப்புக் கோடு மட்டும் வலது சுவரில் மோதி நிற்கிறதா என்று பாருங்கள். மோதினால் அந்த இடத்தில் மேகத்தின் மடிப்பு, இழை எல்லாம் போய், பெயின்ட் பூசிய சுவர்போல் ஆகிவிடும். இன்னொரு சோதனை: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் மேகம் மேகமாகத் தெரிந்தால் சரி. நிறம் போனதும் வானம் வெறுமையானால் அந்தப் படத்தை நிறம் மட்டும்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம், எடிட் செய்த அன்றே யாருக்கும் அனுப்பாதீர்கள். காலையில் காபி குடித்துவிட்டு ஒருமுறை பார்த்தால் பாதி ஸ்லைடர் தானாக இறங்கும்.

ஆறு வானத்தைவிட வெளிச்சமாக இருந்தால் என்ன தவறு?

இயற்கையில் அது நடக்காது. தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும், மிச்சம் உள்ளே போய்விடும். அதனால் பிரதிபலிப்பு, அது காட்டும் வான்பகுதியைவிட எப்போதும் கொஞ்சம் மங்கல்தான். காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் படத்தில் ஏதோ பொய் இருக்கிறது என்று பட்டுவிடும். வானத்தை இருட்டாக்கும் கிரேடியன்ட் போட்டால் தண்ணீரையும் கூடவே இறக்க வேண்டும் என்பது இதனால்தான். அவசரத்தில் எல்லோரும் மறப்பது இதைத்தான். நானும் ஒரு படத்தை இப்படியே பிரின்ட் போட்டு, சட்டம் மாட்டி, ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்.

செல்போன் டவரை அழித்துவிடலாமா?

இதில்தான் எங்களுக்குள் சண்டை. அழி என்றவர்கள் இரண்டு பேர், வேண்டாம் என்றவர்கள் மூன்று பேர். நான் வேண்டாம் கட்சி. அந்த டவர் இல்லாவிட்டால் அது கடலூர் முதுநகர் இல்லை. கரையோரம் மிதந்த பாலித்தீன் பையை அழித்தோம், அதில் யாருக்கும் தயக்கம் இல்லை. அடுத்த அலையில் அது தானே போயிருக்கும். லென்ஸில் உப்புத்துளி பட்ட மங்கலும், சென்சார் தூசிப் புள்ளிகளும் காட்சியில் இருந்தவை அல்ல, தாராளமாக அழிக்கலாம்.

போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதியைப் படித்துவிடுங்கள். சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.பி.யின் விதியை ஒட்டி நடக்கும் போட்டிகளில் இயற்கைப் பிரிவுக்கு எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, வெட்டலாம். படகும் ஆளும் இருக்கும் இந்தப் படம் எப்படியும் அந்தப் பிரிவுக்குப் பொருந்தாது.

ஒரே தட்டில் வானத்தை மாற்றும் ஆப் இருக்கிறதே?

இருக்கிறது. மாற்றியதும் வானத்தில் சூரியன் இடப்பக்கம், படகின் நிழல் இன்னொரு பக்கம், தண்ணீரில் பழைய வானம். கல்யாண ஆல்பத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும்போதே என்ன கவனிக்க வேண்டும்?

தம்பியின் அளவு: லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் நொடியில் 125-ல் ஒரு பங்கு, சென்சாரின் உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 200. அந்த வெளிச்சத்துக்குச் சரியான அளவு. அலையைப் பாலாக்கும் ஆசையில் அரை நொடி வைத்திருந்தால் கட்டிப்போட்ட படகும் ஆடி, பெரியவர் புகையாகிப்போயிருப்பார். ஆள் இருக்கும் படத்துக்கு அந்த வித்தை வேண்டாம்.

வெளிச்ச அளவை வானத்தை வைத்து எடுங்கள். இருட்டில் மறைந்ததை ரா கோப்பிலிருந்து ஓரளவு மீட்கலாம், வெளிச்சத்தில் முழுக்க வெந்ததை மீட்க முடியாது. டெலி லென்ஸ் மாட்டிய கேமராவின் கண்ணாடித் துளை வழியாகச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். திரையில் பாருங்கள்.

இரண்டு அடி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் படகு டவரிலிருந்து விலகி, தண்ணீரின் ஒளிக்கோட்டுக்கு முன்னால் வந்திருக்கும். எடிட்டில் நாங்கள் அரைமணி நேரம் பட்ட பாடு அங்கே இரண்டு அடியில் முடிந்திருக்கும்.

போனில் எடுத்தால் ஆகாதா?

ஆகும். சூரியனைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். விமர்சனத்துக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் படம் சுருங்கி, அழுத்தத்தில் உடைந்த மேகத்தைப் பார்த்து, எடிட் சரியில்லை என்று திட்டுவோம்.

திரையில் நன்றாக இருந்த படம் பிரின்ட்டில் ஏன் கறுப்பாகிறது?

பெரும்பாலும் திரையின் வெளிச்சம் முழு அளவில் இருப்பதால். எடிட் செய்யும்போது திரையைக் குறைத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் வைத்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஒத்துவரும் வரை. கோப்பைப் பொதுவான நிற அளவுகோலான எஸ்.ஆர்.ஜி.பி.யில் கொடுங்கள். பெரிய அளவுக்கு முன்னால் ஒரு சின்ன பிரின்ட் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் 12-க்கு 18 அங்குலத்தில் போட்டோம். அங்குலத்துக்கு 200 புள்ளி என்றாலும் 2400-க்கு 3600 தான், வெட்டிய பிறகும் அதற்குமேல் இருந்தது. முதல் பிரின்ட்டில் பெரியவர் மறுபடியும் இருட்டுக்குள் போய்விட்டார். கால் ஸ்டாப் கூட்டி இரண்டாவது போட்டதும் வந்தார்.

தம்பி அதைச் சிங்காரத்தோப்புக்கு எடுத்துப்போய் அவரிடம் கொடுத்திருக்கிறார். பெரியவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “முன்கயிறு இவ்ளோ நைஞ்சிருக்கா?” என்று கேட்டாராம். வானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட வானம் எப்போது கிடைக்கும்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், மழை விட்டு மேற்கே அடிவானம் மட்டும் திறந்திருக்கும் மாலைகளில். அடிவானம் மூடியிருந்தால் மேலே எத்தனை மேகம் இருந்தும் பயனில்லை, வெளிச்சம் வர வாசல் வேண்டும். நவம்பர் நடுவில் கடலூரில் சூரியன் சுமார் 5.40-க்கு மறையும், ஜூலைத் தொடக்கத்தில் 6.40 ஆகிவிடும். இடமும் மாறும். ஜூன் கடைசியில் நேர்மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி வடக்கே, டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. ஆடியில் பார்த்து வைத்த இடத்துக்கு மார்கழியில் போனால் சூரியன் வேறு வீட்டுக் கூரைக்குப் பின்னால் இருக்கும்.

நம் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். மறைந்து 20, 25 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் உயரத்து மேகங்களில் சிவப்பு ஏறுவது பெரும்பாலும் மறைந்த பிறகுதான். சூரியன் போனதும் பையை மூடிக்கொண்டு கிளம்புபவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

புயல் வரும் முன் வானம் மயக்கும்படி இருக்கும். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கரை கடந்த ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முகத்துவாரம் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்த ஞாயிறு நானும் படம் கொண்டுவரலாமா?

வாருங்கள். எடிட் செய்ததையும் செய்யாததையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். டீக்காசு முறை வைத்துக் கொடுப்போம், இந்த வாரம் தம்பியுடைய முறை.